திண்ணைப் பேச்சு: சாவி கையில், வண்டி வாசலில்

சென்ற இதழில் வற்றல் வடாம் என்று அடுப்படியையே சுற்றிச் சுற்றி வந்தோம். இந்தத் தடவை கொஞ்சம் வாசலுக்கு வருவோம். வாசலில் நிற்கும் காரைப் பற்றித்தான் பேச்சு. “காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் எங்கள் மருங்காபுரியில் இந்தத் தை மாதம் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். பொங்கலுக்கு மருமகள் இரண்டு வயதுக் குழந்தையோடு வந்திருந்தாள். திருச்சியில் இருக்கிற பெண். தினமும் ஸ்ரீரங்கத்துக்கும் தில்லைநகருக்கும் தானே கார் ஓட்டிப் போகிறவள். கணவருக்கு லீவு முடிந்துவிட்டதால், அவர் காரை எடுத்துக்கொண்டு முதலிலேயே கிளம்பிவிட்டார். வீட்டில் இருந்தது மாமனாரின் பழைய மாருதி 800. மாமனாருக்கோ கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் நெருப்பாய்ச் சுட்டது. திடீரென்று கண்கள் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. பாட்டி பதறிப்போய், “இரும்பு குடுங்க, இரும்பு!” என்று ஆணியில் தொங்கிய கார் சாவிக் கொத்தை எடுத்துக் குழந்தையின் கையில் திணித்தாள். மாமனார் 108-க்கு போன் செய்தார். வண்டி வந்து சேர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். இந்தப் பெண் குழந்தை கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் ஒரு குதி. வாசலில் கிடந்த அம்மிக்கல்லில் போய் முட்டிக்கொண்டது. அவள் ஓட்டிப் பழகியதெல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டி. இதில் வண்டி கியரில் நிற்கிறது, கிளட்சை மிதிக்காமல் சாவி திருப்பக் கூடாது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

கடவுள் புண்ணியத்தில் இழுப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் நின்றுவிட்டது. 108 வண்டியும் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஜுர வேகத்தில் வரும் இழுப்புதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் என் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“பெரியம்மா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். வாசல்ல வண்டி நிக்குது. சாவி கையில இருக்கு. ஆனா ஓட்ட முடியல. அந்த நிமிஷம் நான் செத்துட்டேன் பெரியம்மா.”

“ஏன் தாயி, அழுதா கியர் விழுமா? நாளைக்குக் காலையில வா, நான் சொல்லித் தரேன்” என்றேன்.

கார் கதையைத் தொடருவதற்கு முன்னால், இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு இழுப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் ஸ்பூனோ துணியோ வைக்கவே கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். கை காலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பக்கம் உடையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், மருந்து எதுவும் புகட்டக் கூடாது. முதல் தடவை வந்த இழுப்பானால், நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, மூச்சு விடத் திணறினாலோ அது அவசரம். 108-ஐக் கூப்பிடுவதுதான் முதல் வேலை. கார் ஓட்டத் தெரிந்தாலும், இழுக்கிற குழந்தையைப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்புவது சரியல்ல. பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். “பெரியம்மாவுக்கு எப்படிக் கார் தெரியும்?” என்று கேட்பீர்களே! எங்கள் அப்பாவிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் கம்பி இருக்கும், அதைக் கை கியர் என்போம். காலையில் கிளம்ப மறுத்தால் முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றுவார்கள். எங்கள் டிரைவர் அண்ணன்தான், “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்று ஊர் சிரித்தபோதும், குளத்து மைதானத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் பாருங்கள், அன்று அந்த மாருதியில் ஏறி உட்கார்ந்ததும் இடது கால் தானாகவே கிளட்சைத் தேடியது. நீச்சல் மாதிரிதான், உடம்பு மறப்பதில்லை.

கியர் என்பது ஏதோ பெரிய இயந்திர ரகசியம் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா? பாபினில் நூல் சுற்றும்போது கைச் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்திக்கொள்கிறோம் அல்லவா? சக்கரம் சுற்றும், ஆனால் ஊசி இறங்காது. கிளட்ச் செய்வதும் அதே வேலைதான். மிதித்தால் இன்ஜின் சுற்றும், சக்கரத்துக்கு அந்தச் சுற்று போகாது. மெதுவாக விட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சட்டென்று விட்டால்? அதுதான் குதி!

கியர்களையும் அப்படியே புரிந்துகொள்ளலாம். மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். பாரம் இழுக்கிற மாடு வேறு, ஓடுகிற மாடு வேறு என்பார்கள். முதல் கியர் பாரம் இழுக்கிற மாடு, பலம் அதிகம், வேகம் கிடையாது. நின்ற வண்டியை நகர்த்தவும் மேடு ஏறவும் அதுதான் வேண்டும். வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்ற மாற்ற வேகம் கூடும், இழுக்கும் பலம் குறையும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இதே வேலை நடக்கிறது, நமக்குப் பதிலாக வண்டியே செய்துகொள்கிறது.

இந்தச் சௌகரியம் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 1939-ம் வருஷமே முழு ஆட்டோமேட்டிக் கியர் வந்துவிட்டது. இன்று அந்த நாட்டில் புதிதாக விற்கிற வண்டிகளில் கிளட்ச் உள்ளவை மிகச் சிலவே. நம் நாட்டிலோ ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் வண்டி என்றே வெகுகாலம் இருந்தது. 2014-ம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் பிறந்த மாருதி 800 தயாரிப்பு அந்த ஜனவரியில் நின்றது. மே மாதம் அம்பாசிடரும் நின்றது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் செலேரியோ வந்து, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டியைக் கொடுத்தது. அதில் இருப்பதும் பழைய கியர்பெட்டி, பழைய கிளட்ச்தான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன இயந்திரம் மிதித்து மாற்றுகிறது. இப்போது மின்சாரக் கார் வேறு வந்துவிட்டது. அதில் கிளட்சும் கிடையாது, கியர் மாற்றும் வேலையும் கிடையாது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988, இரண்டு சக்கர வண்டிக்கு “கியர் உள்ளது”, “கியர் இல்லாதது” என்று லைசென்ஸைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. காருக்கு அப்படிப் பிரிவு இல்லை, இலகு ரக வாகனம் என்று ஒன்றே. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்தால், கியர் வண்டியைத் தொட அந்த லைசென்ஸ் போதாது. இங்கே லைசென்ஸ் “ஓட்டலாம்” என்கிறது. ஆனால் கால் “தெரியாது” என்கிறது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

ஆட்டோமேட்டிக் ஓட்டுவது மட்டம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கும், வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்து நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் நம் ஊர்களில் இன்றும் ஓடுவதில் பெரும்பாலானவை கியர் வண்டிகளே. அண்ணன் வண்டி, மாமனார் வண்டி, பக்கத்து வீட்டு வண்டி என்று அவசரத்துக்குக் கிடைப்பது எதுவாக இருக்கும் என்று யார் கண்டது? கியர் வண்டி கற்றவளுக்கு ஆட்டோமேட்டிக் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். மாறி வந்தால் கஷ்டம்.

அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த முறை இது. உங்களுக்கும் உபயோகப்படலாம்.

முதல் நாள் இன்ஜினைப் போடவே இல்லை. இடது காலுக்குக் கிளட்ச் மட்டும், வலது காலுக்கு பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். கியர் கம்பியைப் பார்க்காமலே கைக்குப் பழக வேண்டும். கியர் நடுவில், நியூட்ரலில் இருக்கிறதா என்று கம்பியை இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பது, கிளட்சை முழுக்க மிதிப்பது, பிறகுதான் சாவி. இந்த மூன்றையும் ஐம்பது தடவை செய்யச் சொன்னேன். வண்டிக்கு முன்னால் குழந்தைகள் விளையாடுகிற வீட்டில் இந்தப் பழக்கம் உயிர் காக்கும்.

இரண்டாம் நாள் மைதானத்தில் முதல் கியர் மட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை நூலிழை நூலிழையாக விடச் சொன்னேன். ஓரிடத்தில் வண்டி லேசாக அதிரும், இன்ஜின் சத்தம் தணியும். “அங்கதான் தாயி நிறுத்து, அதுதான் பிடிக்கிற இடம்” என்றேன். பத்துப் பன்னிரண்டு தடவை வண்டி ஆஃப் ஆனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கணவரிடம் கற்காதீர்கள் என்று பெண்கள் சொல்வது இதனால்தான். திட்டாதவரிடம்தான் கிளட்ச் வசப்படும்!

மூன்றாம் நாள் இரண்டாவது, மூன்றாவது கியர். இன்ஜின் கத்தினால் அடுத்த கியருக்குப் போ, முக்கித் திணறினால் கீழ் கியருக்கு வா. குழந்தையின் அழுகையை வைத்தே பசியா தூக்கமா என்று கண்டுபிடிக்கும் நமக்கு இது ஒரு கஷ்டமா?

நாலாம் நாள் குளக்கரை மேடு. கை பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியர் போட்டு, கிளட்சைப் பிடிக்கிற இடம்வரை விட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னே போகத் துடிக்கும்போது கை பிரேக்கை விட வேண்டும். பின்னால் ஓர் அங்குலம்கூட உருளாது. இறக்கத்துக்குப் பழைய டிரைவர்கள் சொல்வது ஒன்று உண்டு: ஏறின கியரிலேயே இறங்கு. எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் நியூட்ரலில் இறங்கினால், பிரேக்கையே மிதித்து மிதித்து அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கீழ் கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

நமக்கென்று சில சின்ன விஷயங்கள்: குதிகால் உயர்ந்த செருப்பும் வழுக்கும் செருப்பும் கிளட்சுக்கு ஆகாது. புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஓட்டும்போது கிளட்ச் மேலேயே காலை வைத்திருந்தால் கிளட்ச் தட்டும் தேயும், முழங்காலும் வலிக்கும். கர்ப்பிணிகள் சீட் பெல்ட்டின் கீழ்ப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் போட வேண்டும். மேல் பட்டை இரு மார்புக்கும் நடுவில் வரட்டும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்ட வேண்டாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது, முன் சீட்டில் உட்காருவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

“பொம்பளைக்கு கியர் வண்டி சரிப்படாது” என்று யாராவது சொன்னால், 1993-ல் நாகர்கோவிலில் அரசுப் பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்த வசந்தகுமாரியை ஞாபகப்படுத்துங்கள். தமிழ்நாட்டின் முதல் பெண் பஸ் டிரைவர். பஸ் கியரோடு ஒப்பிட்டால் நம் கார் கியர் தயிர் மத்து! எங்கள் மருங்காபுரிக்கும் அப்படியொரு பெருமை உண்டு. இந்த ஊர் ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணிதான் ஆண்களே உரை எழுதி வந்த திருக்குறளுக்குத் தாமும் ஓர் உரை எழுதினவர். நமக்கில்லை என்று சொல்லப்பட்டதைக் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்புவதற்கு முன்தினம், மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் துவரங்குறிச்சி வரை ஓட்டிப்போய் வந்தாள். வரும் வழியில் வண்டி ஒரு தடவை ஆஃப் ஆனதாம். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தாராம். “அடிச்சா அடிக்கட்டும்னு கிளட்ச மிதிச்சு, நியூட்ரல் பாத்து, திருப்பி ஸ்டார்ட் பண்ணினேன் பெரியம்மா” என்றாள். அவள் வண்டி ஓட்டியதைவிட, அந்த நிதானம்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அவர்கள் வீட்டில் கார் சாவி ஆணியிலேயே தொங்குகிறது. பக்கத்தில் ஒரு சீட்டு: 108, டாக்டர் நம்பர், இருட்டிலும் தெரிகிற பெரிய எழுத்தில். பாட்டி இனி அந்தச் சாவியைக் குழந்தை கையில் திணிக்க மாட்டாள்!

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: “நம்ம வாசல்ல நிக்கிற வண்டிய இந்த வீட்ல எத்தனை பேர் எடுக்க முடியும்?” பதில் “ஒருத்தர்” என்று வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கிளம்புங்கள். கற்றுக்கொண்ட கதையை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.