ஒத்தை ஆளுக்கும் வரி போடுங்க

"வீட்டுக்குள்ளயே கெடக்காதீங்கப்பா. வெளிய போயி நாலு பேரோட பழகுங்க." பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்க, ஊர்ல தனியா இருக்கிற அப்பா அம்மாவுக்கு போன்ல சொல்ற வார்த்தை இது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க தெருவுல நடந்தீங்கன்னா உங்க காதுலயும் விழும். வயசானவங்க எல்லாரும் ஸ்பீக்கர் போட்டுத்தானே பேசுறாங்க. சொல்றது பாசத்துலதான், குத்தம் சொல்லலை. ஆனா இதைக் கேட்டுட்டு செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய கிளம்புன ஒருத்தரையும் நான் இன்னும் பாக்கலை.

ஏன் கிளம்ப மாட்டேங்கிறாங்க? அதைத்தான் இன்னைக்கு எழுதலாம்னு இருக்கேன். நானும் ஒத்தை ஆளுதான். வீட்டுக்காரம்மா போயி மூணு வருசம் ஆச்சு. மக கோயமுத்தூர்ல, மகன் சென்னையில.

ஆண்டிபட்டின்னா உங்களுக்கு எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜெயிச்ச தொகுதின்னுதான் தெரியும். எங்களுக்கு இது மானாவாரி பூமி. வைகை அணை கூப்பிடு தூரத்துல இருக்கு, தண்ணி மட்டும் எங்களைத் தாண்டி கிழக்க போயிரும். கிணத்தையும் மழையையும் நம்பி முருங்கை, கடலை, சோளம், கொஞ்சம் பூச்செடின்னு ஓட்டுறோம். அதனால படிச்ச பிள்ளைங்க திருப்பூர், கோயமுத்தூர், சென்னைன்னு போயிட்டாங்க. படிக்காத பிள்ளைங்களும் போயிட்டாங்க. நாலு ரூம் போட்டுக் கட்டின வீட்டுல ராத்திரி ஒரே ஒரு லைட் எரியும். அந்த லைட்டுக்குக் கீழ ஒரு ஆள் இருப்பாரு.

அந்த ஆளு வெளிய வராததுக்குக் காரணம் திமிரு இல்லை. கூச்சம். அந்தக் கூச்சம் ஒரே நாள்ல வந்ததும் இல்லை. எப்படி வருதுன்னு சொல்றேன்.

எங்க பக்கம் உறவு எல்லாம் செய்முறை நோட்டுலதான் இருக்கு. யாரு வீட்டு காதுகுத்து, யாரு வீட்டு கல்யாணம், அவுக நமக்கு எவ்வளவு செஞ்சாக, நாம எவ்வளவு திருப்பிச் செய்யணும், இதெல்லாம் வீட்டுப் பொம்பளை மனசுல இருக்கும். ஆம்பளைக்கு அதுல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு கூடப் போற வேலைதான். அந்த அம்மா போனப்பறம் இவரு மொத தடவை தனியா ஒரு விசேஷத்துக்குப் போவாரு. பந்தியில உக்காருவாரு. பக்கத்து இலைக்காரர் நல்ல மனசோடதான் சொல்லுவாரு, "நல்லா சாப்பிடுங்கண்ணே, வீட்டுல யாரு உங்களுக்குப் பொங்கிப் போடப் போறா." அவ்வளவுதான். அடுத்த விசேஷத்துக்கு மொய் எழுதிட்டு சாப்பிடாம வந்துருவாரு. அதுக்கு அடுத்ததுக்கு மொய்ப் பணத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில குடுத்து விடுவாரு. அதுக்கும் பிறகு, ஊருக்கே அவரு வராதது பழகிப்போயிரும். "சோத்துக்கு வந்துட்டான்னு நினைச்சிருவாங்களோ"ங்கிற ஒரு நினைப்பு, ஒரு மனுசனை ரெண்டு வருசத்துல ஊரை விட்டே தள்ளி வச்சிரும். ஊருக்குள்ளயே உக்காந்திருப்பாரு, ஆனா ஊர்ல இருக்க மாட்டாரு.

இன்னொண்ணு, இரக்கம். இதை ஊர்க்காரங்க யோசிக்கிறதே இல்லை. கோயில் கொடைக்கு எங்க ஊர்ல தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுவாங்க. வரி குடுத்தவன் கூட்டத்துல கேள்வி கேக்கலாம், கரகம் எங்க நிக்கணும்னு சண்டை போடலாம். என் வீட்டுக்காரம்மா போன மறு வருசம் என் வாசலைத் தாண்டிப் போயிட்டாங்க. கேட்டதுக்கு, "நீங்க ஒத்தை ஆளு, விடுங்கண்ணே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" அப்படின்னாங்க. நல்லெண்ணம்தான். ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. வரி கேக்காத வீடுன்னா அது கணக்குல இல்லாத வீடு. மறுநாள் காலையில தேடிப் போயி முழு வரியும் கட்டி, நோட்டுல பேர் எழுதுறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன். எங்க பக்கம் புருசன் இல்லாத பொம்பளைகளுக்கு அரை வரின்னு ஒரு பழக்கம் உண்டு. அதுவும் இரக்கத்துல வந்ததுதான். ஆனா அரை வரி கட்டுறவங்களுக்குக் கூட்டத்துல அரைப் பேச்சுகூட கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அதனால என் கட்சி இதுதான். தனியா இருக்கிறவங்களுக்குத் துணை குடுக்கப் பாக்காதீங்க. அவங்ககிட்ட இருந்து ஏதாவது கேளுங்க. காசோ, வேலையோ, ஒரு சாவியை வச்சுக்கிறதோ, எதுவா இருந்தாலும் சரி. பழகுறதுக்காக யாரும் ஒரு கூட்டத்துக்கு வர்றதில்லை. வேலைக்கு வருவாங்க, பழக்கம் அதுவா வந்துரும்.

பொம்பளைகளைப் பாருங்க. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு 1989-ல தர்மபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சது. ஐ.நா.வோட வேளாண் வளர்ச்சி நிதியம் அதுக்கு உதவி பண்ணுச்சு. பிறகு மகளிர் திட்டம்னு தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. இங்க மதுரைப் பக்கம் களஞ்சியம்னு தனியா ஒண்ணு வளந்துச்சு. அதுல இருந்து வந்தவங்கதான் சின்னப்பிள்ளை அம்மா. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரம்மா. டெல்லியில விருது குடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டது எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. 2019-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

குழுன்னா கடன், சேமிப்புன்னுதான் எல்லாரும் பேசுறோம். எனக்கு அதுல வேற ஒண்ணு பெருசாத் தெரியுது. தாலி அறுத்த பொம்பளை நல்ல காரியத்துக்கு முன்னால வரக்கூடாதுன்னு ஒதுக்கி வச்ச ஊரு இது. அதே ஊர்ல, குழுக் கூட்டத்துல மட்டும் அந்தம்மாவும் மத்தவங்களோட ஒரே பாயில உக்காந்து, ஒரே தொகையைக் கட்டி, ஒரே நோட்டுல கையெழுத்துப் போடுது. அரை வரி கிடையாது. வரலைன்னா ஆள் அனுப்புவாங்க. "மதினி, இந்த வாரம் பணம் கட்டலையே, என்னாச்சு?" அந்தக் கேள்வி பணத்துக்காகக் கேக்கிற கேள்விதான். இருந்தாலும் கதவைத் தட்டுறாங்கள்ல?

ஆம்பளைக்கு இப்படி என்ன இருக்கு? டீக்கடை இருக்கு, டாஸ்மாக் இருக்கு. டீக்கடையில ஒருத்தன் ரெண்டு நாள் வரலைன்னா யாரும் தேட மாட்டாங்க, பெஞ்சுல இடம் கிடைச்சிருச்சுன்னு உக்காந்துக்குவாங்க. போன வருசம் பக்கத்து ஊர்ல ஒருத்தர் இறந்து கிடந்தது மறுநாள் சாயங்காலம்தான் தெரிஞ்சது. தண்ணி காட்டாத மாடு கத்துனதுல தெரிஞ்சது.

எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணு கொஞ்சம் பலிச்சது. 2017-18-ல கவர்மெண்டு கூட்டுப் பண்ணையத் திட்டம்னு கொண்டு வந்தாங்க. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தா ஒரு உழவர் ஆர்வலர் குழு. அப்படி அஞ்சு குழு, 100 பேர் சேர்ந்தா உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்கு மிஷின் வாங்க 5 லட்சம் நிதி. நிறைய ஊர்ல இது பேப்பர்லயே நின்னு போச்சு, மறைக்க வேண்டியதில்லை. மிஷின் தலைவர் வீட்டுக் கொட்டத்துல நின்னு துருப்பிடிச்ச கதையும் உண்டு.

எங்க பக்கத்துக் குழுவுல ஒரு பெரியவர். 68 வயசு, மில்லுல கணக்கு எழுதினவரு. சம்சாரம் இல்லை, பையங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. குழுவுல சேருங்கன்னு மூணு தடவை கேட்டாச்சு. "எழுபது சென்ட்டை வச்சுக்கிட்டு எனக்கு எதுக்கு தம்பி குழு, போங்க"ன்னு கதவைச் சாத்திட்டாரு. இங்க என்னடான்னா, களை எடுக்கிற மிஷினை யாரு எத்தனை மணி நேரம் ஓட்டுனா, டீசல் யாரு போட்டான்னு தினமும் சண்டை. கடைசியில செயலாளர் நோட்டைத் தூக்கிக்கிட்டு அவருகிட்டயே போனாரு. "ஐயா, சேர வேணாம். உங்க கையெழுத்து நல்லா இருக்கும். ஒரு மாசத்துக்கு மட்டும் இந்த வாடகைக் கணக்கை எழுதிக் குடுங்க, எங்களால முடியலை."

ஒரு மாசம் நாலு வருசமாச்சு. இப்பக் காலையில ஆறு மணிக்கு மிஷின் ஷெட்டுல நிப்பாரு. சேத்தோட மிஷினைக் கொண்டாந்தா, "கழுவிட்டு வா, அப்பத்தான் நோட்டுல வரவு"ன்னு விரட்டுவாரு. எல்லாரும் அவரைத் திட்டுறாங்க, எல்லாரும் அவரைத் தேடுறாங்க. ஒரு மழைக் காலத்துல ரெண்டு நாள் ஷெட்டு தொறக்கலை. மூணாவது நாள் மிஷின் சாவி வாங்கப் போன பையன், கதவு தொறந்தே கெடக்க, காய்ச்சல்ல அவரு நினைவில்லாம கெடக்கிறதைப் பாத்துட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அவன் பாசத்துல போகலை. சாவிக்குப் போனான்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை போல. ஆஸ்திரேலியாவுல 1990-கள்ல ரிட்டயர் ஆன ஆம்பளைகளுக்குன்னு பட்டறைக் கொட்டகை மாதிரி ஆரம்பிச்சிருக்காங்க. மரவேலை செய்றது, உடைஞ்ச நாற்காலியை ஒட்டுறதுன்னு வேலை. இப்ப அங்க ஆயிரத்துக்கும் மேல இருக்காம். ஆம்பளைங்க மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து மனசைத் தொறக்க மாட்டாங்க, பக்கத்துல பக்கத்துல நின்னு வேலை பாக்கும்போதுதான் பேசுவாங்கங்கிறது அவங்க கண்டுபிடிப்பு. களை எடுத்தவன், கருது அறுத்தவன் யாரைக் கேட்டாலும் சொல்லிருப்பானே. உன் காட்டுக்கு நான் ஒரு நாள், என் காட்டுக்கு நீ ஒரு நாள்னு வேலை பாத்த காலத்துல, வரப்புல குனிஞ்சுக்கிட்டே பேசாத விசயம் உண்டா?

பிரிட்டன்ல 2018-லயும் ஜப்பான்ல 2021-லயும் தனிமைக்குன்னே ஒரு மந்திரியைப் போட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2025-ல குடுத்த அறிக்கையில, உலகத்துல ஆறு பேருக்கு ஒருத்தர் தனிமையில வாடுறதாவும், அதனால மணிக்கு சுமார் 100 பேர் சாகுறதாவும் சொல்லிருக்கு. மந்திரி போட்டா என்ன ஆகும்னு எனக்குப் புரியலை. சாவி வாங்க ஆளு வரணும், அம்புட்டுதான்.

இனி உங்க பக்கம் வர்றேன். இதைப் படிக்கிற நீங்க நிறையப் பேரு பட்டணத்துல தனியாத்தான் இருக்கீங்க. ரூம், ஆபீஸ், ரூம். எதிர் வீட்டுக்காரர் பேர் தெரியாது. ஏதாவது ஒரு குழுவுல சேரலாம்னு நினைப்பீங்க, வாசல் வரைக்கும் போயி, உள்ள எல்லாரும் ஏற்கெனவே சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கிறதைப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவீங்க. என் மகனே அப்படித்தான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். பேசுற கூட்டமாப் பாத்துப் போகாதே, கையில ஏதாவது குடுக்கிற கூட்டமாப் பாத்துப் போ. கோயில்கள்ல உழவாரப் பணிக் குழு இருக்கு, ஞாயித்துக்கிழமை போனா விளக்கமாத்தைக் குடுத்துருவாங்க. விளக்கமாறு கையில இருக்கிறவன் யாருகிட்டயும் பேச்சுக் குடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாமி பிடிக்காதவங்களுக்கு நூலகத்துல வாசகர் வட்டம் இருக்கு. அங்க அரை மணி முன்னாடி போயி நாற்காலி எடுத்துப் போடுங்க. மூணு வாரம் நாற்காலி போட்டவரை நாலாவது வாரம் காணோம்னா கேப்பாங்க. மொத வாரமே யாரும் கேக்கலையேன்னு வருத்தப்பட்டா முடியாது, கடலை போட்டாலும் மூணு மாசத்துக்கு மேல ஆகுதுல்ல.

தனியா இருக்கிறதே நோய்னு நான் சொல்லலை. தோட்டத்துல தனியாப் படுத்துக்கிட்டு நட்சத்திரம் பாக்கிறவரும் எங்க ஊர்ல இருக்காரு, அவரை விட்டுருங்க. குழுன்னா சொர்க்கம்னும் சொல்லலை. வம்பு இருக்கு, கடன் தகராறு இருக்கு. எல்லாத்துக்கும் மேல சாதி இருக்கு. எங்க பக்கம் பாதிக் கூட்டம் சாதியப் பாத்துத்தான் பாய் விரிக்குது. ஒத்தை ஆளா இருந்து சாதியிலயும் சின்ன ஆளா இருந்தா, அவரு கூச்சத்துக்கு யாரைக் குத்தம் சொல்றது? மிஷின் வாடகை நோட்டுல மட்டும் சாதி எழுத எடம் இல்லைங்கிறது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்க. மதுரையில இருந்து போடி வரைக்கும் இப்பத்தான் ரயில் ஓடுதே, சாக்குச் சொல்ல முடியாது. உங்க அப்பாகிட்ட "பழகுங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா, ஊர்ல என்ன வேலைக்கு ஆள் இல்லாம இருக்காங்கன்னு விசாரிங்க. கோயில் கணக்கா, பால் சொசைட்டியா, பள்ளிக்கூடத்துச் செடிக்குத் தண்ணி ஊத்துறதா, ஏதாவது இருக்கும். அந்த வேலைக்காரங்களை உங்க அப்பா வீட்டு வாசலுக்கு அனுப்பி, "எங்களால முடியலை, நீங்க வாங்க"ன்னு கேக்க வைங்க. அப்படியே உங்க அப்பா வீட்டுக்கு முழு வரி போடச் சொல்லிட்டுப் போங்க.

இன்னொரு விசயம். ஊரக வாழ்வாதார இயக்கத்துல முதியோருக்குன்னு தனி சுய உதவிக் குழு ஆரம்பிக்க வழி இருக்கு. சாதாரணக் குழுவுக்குப் பத்துப் பேர் வேணும், இதுக்கு அஞ்சு பேர் போதும், ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்தே இருக்கலாம். ஊராட்சியில இருக்கிற குழுக் கூட்டமைப்புல கேட்டாச் சொல்லுவாங்க. எங்க தெருவுல எண்ணிப் பாத்தேன். என்னையும் சேத்து ஏழு பேர். எனக்கு இன்னும் 60 ஆகலை, அதனால நான் உறுப்பினரா முடியுமோ என்னமோ. நோட்டு எழுத ஆள் வேணும்ல, அதுக்கு நான் வர்றேன்னு சொல்லிருக்கேன்.