பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்கா?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. ஒரு காலத்தில் என்னிடம் கணக்கு படித்தவர்கள், இப்போது அப்பா அம்மாவாகி அழைக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "சார், பாப்பா மேத்ஸ்ல 61தான். மேத்ஸ் இல்லாத குரூப்பா பார்த்துப் போட்டுடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழகியதுதான்.

முதலில் அந்த 61-ஐப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. இந்த 30 மதிப்பெண்ணைப் பயிற்சியாலேயே வாங்கிவிடலாம். 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒன்றைக் கையில் கொடுத்து 35-ஐத் தாண்ட வைப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். அப்படியானால் 61 என்ன சொல்கிறது? ஒரு பிள்ளை இயற்கணிதத்தைப் புரிந்து போட்டு, வரைபடத்தில் கோட்டைவிட்டு 61 வாங்கியிருக்கும். இன்னொரு பிள்ளை எதுவும் புரியாமல் மனப்பாடம் செய்து அதே 61 வாங்கியிருக்கும். எண் ஒன்று, பிள்ளைகள் வேறு. பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்காமல், எண்ணை மட்டும் பார்த்து "இவளுக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பு எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலத்தை மூன்று மணி நேரத்தில் முடிப்பவரும் உண்டு, விடிய விடிய நடக்கிற பாட்டியும் உண்டு. பாட்டியைப் பார்த்து "உங்களுக்கு நடக்க வராது" என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இப்போது அடுத்த வாதத்துக்கு வருகிறேன். "நீட்தான் எங்க டார்கெட் சார், மேத்ஸ் எதுக்குச் சுமை?" இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று கணக்கே இல்லாத குரூப்பில் சேர்க்கிறீர்கள். எத்தனை பேப்பர்? மொழிப்பாடம் இரண்டையும் சேர்த்து ஆறு, 600 மதிப்பெண். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப்பில்? அங்கும் ஆறு பேப்பர், 600 மதிப்பெண்தான். உயிரியல் அங்கே ஒரே பாடமாக வருகிறது, அவ்வளவுதான். பேப்பர் ஒன்றுகூடக் குறையவில்லை.

இன்னொன்று. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது பாடமான இயக்கவியலிலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடும். நீட்டில் 180 கேள்விகளில் 45 இயற்பியல். கணக்கைக் கண்டு ஓடிய பிள்ளை, அங்கே போய் அதே கணக்கிடம் மாட்டிக்கொள்கிறது, கற்றுத்தர கணக்கு ஆசிரியரும் இல்லாமல்.

நீட் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? சென்ற வருடம் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். அவன் அப்பா என் மாணவர். இரண்டு முறை நீட் எழுதியும் கிடைக்கவில்லை. "சார், இனிமே இன்ஜினியரிங் சேர முடியுமா?" என்று கேட்டான். நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200. அதில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. கணக்கே படிக்காதவனிடம் நான் என்ன சொல்ல? கடைசியில் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தான். அருமையான படிப்பு, அதில் குறையே இல்லை. அவன் விரும்பிப் போகவில்லை என்பதுதான் குறை.

கணக்கை விட்டால் சாத்தப்படும் கதவுகளை எண்ணிப் பாருங்கள். பொறியியல், பி.எஸ்சி. கணிதம், பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல், கணிதத்துக்கென்றே தனி நுழைவுத் தேர்வு வைக்கும் சென்னை கணிதக் கழகம். 2021-லிருந்து பெண்களும் எழுதும் என்.டி.ஏ. தேர்வில் கணக்குத் தாளுக்கு மட்டும் 300 மதிப்பெண். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது; கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு! பதினைந்து வயதில், ஒரு பாரத்தில் போடும் ஒரு டிக்கில், அது போய்விடுகிறது.

"ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ப்ளஸ் டூ மேத்ஸ் வேண்டாமே சார்?" என்பீர்கள். உண்மைதான், பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் உள்ளே போனால் முதல் கட்டத்திலேயே கணிதம் இரண்டு தாள், புள்ளியியல் இரண்டு தாள். கணக்குக்குப் பயந்து போகிற இடமா அது? டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல்கூட 25 கேள்வி திறனறிவும் மனக்கணக்கும்தான். பதினைந்தில் விட்ட விகிதத்தையும் வட்டியையும் இருபத்தைந்தில் கோச்சிங் சென்டரில் காசு கட்டிப் படிக்கிறோம்.

பெற்றோரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. "கணக்கில் 80-க்குக் கீழ் என்றால் ஃபர்ஸ்ட் குரூப் கிடையாது" என்று போர்டு மாட்டுகிற பள்ளிகளைக் கேட்கிறேன். நூறு வாங்குகிற பிள்ளையை நூறு வாங்க வைப்பதற்கு நீங்கள் எதற்கு? உங்கள் கவலை பிள்ளையைப் பற்றியதா, தேர்ச்சி சதவீத ஃபிளெக்ஸைப் பற்றியதா? 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வும் போய்விட்டது. பழையபடி பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து நேரே பன்னிரண்டுக்குப் போனால், சராசரிப் பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும்? எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் எல்லாம் அறிமுகமாவதே ப்ளஸ் ஒன்னில்தான்.

அரசையும் கேட்கிறேன். நம் பாடத்திட்டத்தில் ஒன்று முழுக் கணக்கு, இல்லையென்றால் சுத்தமாகக் கணக்கே இல்லை. வணிகக் கணிதம் இருக்கிறது, ஆனால் காமர்ஸ் வைத்திருக்கும் எல்லாப் பள்ளியிலும் அது கிடையாது. சிபிஎஸ்இ 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்பில் 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என்று இரண்டு வைத்தது. புத்தகம் ஒன்று, பாடம் ஒன்று, கேள்வித்தாள் மட்டும் இரண்டு. பேசிக் எழுதினால் மேலே முழுக் கணக்கு கிடையாது என்று விதியும் போட்டு, பிறகு தளர்த்தினார்கள். இது படிக்கட்டு அல்ல, வடிகட்டி. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுகளைக் கேளுங்கள். 2024-லிருந்து அங்கே உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று தனித்தனி நிலையில் படிக்கலாம். முன்னேறினால் மேல் நிலைக்கு மாறலாம். அதுபோல வரலாறு படிக்கிற பிள்ளைக்கும் ஒரு எளிய கணக்கு, ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஆழமான கணக்கு, நடுவே ஏறிப்போக வழி என்று நம் மேல்நிலைப் பள்ளிகளிலும் ஏன் இருக்கக் கூடாது?

நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருக்கோவிலூர். 1910-இல் அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர். எஃப்.ஏ. தேர்வில் மற்ற பாடங்களில் தோற்றுப்போய், வேலை தேடி அவரிடம் வந்தார் ராமானுஜன். ராமசாமி ஐயர் பார்த்தது மார்க் ஷீட்டை அல்ல, நோட்டுப் புத்தகத்தை. எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆக வேண்டாம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் நோட்டைத் திறந்து பார்க்கிற ஒரு பெரியவர் வேண்டும்.

எனவே இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான்.

1. பிள்ளையிடம் ஒரு இருபடிச் சமன்பாடு, ஒரு முக்கோணவியல் முற்றொருமை, ஒரு நேர்க்கோட்டின் சாய்வு, இந்த மூன்றையும் போடச் சொல்லுங்கள். நேரம் பார்க்காதீர்கள். தப்பானாலும் தானே திருத்த முயல்கிறதா என்று மட்டும் பாருங்கள். முயன்றால் கணக்கு எடுக்கலாம்.

2. எந்தப் பக்கம் போவது என்று தெரியாவிட்டால் கணக்கும் உயிரியலும் உள்ள குரூப். இரண்டு கதவும் திறந்திருக்கும்.

3. பிள்ளைக்கே உண்மையில் வரலாறோ காமர்ஸோ பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும். விருப்பத்தோடு போவது வேறு, பயந்து ஓடுவது வேறு.

4. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மேத்ஸ்" என்று சொல்கிற மாமா, சித்தப்பாக்கள் என்னிடம் நேரில் வரவும்.

பள்ளி மறுத்தால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். தலைமையாசிரியரிடம் மறுபடி கேளுங்கள், பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் கேளுங்கள். ப்ளஸ் ஒன் சேர்ந்து கணக்கில் திணறுகிற பிள்ளைகளை ஞாயிறு காலை என் வீட்டுத் திண்ணைக்கு அனுப்புங்கள். ஃபீஸ் கிடையாது. நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.

இதைப் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை உள்ள வீடுகளுக்கு அனுப்புங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.