கர்மர்க்கரைக் கண்டெடுத்தவர் யார்?

சிற்பி வி. பி. கர்மர்க்கரைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே காட்சியில்தான் தொடங்குகின்றனர். அலிபாகை அடுத்த சாஸவணே கிராமத்துக் கோயிற்சுவரில் அவர் இளமையில் தீட்டிய சிவாஜி ஓவியத்தை ஆங்கிலேய ஆட்சியர் ஆட்டோ ராத்ஃபெல்ட் கண்டு வியந்து, மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர வழிசெய்தார். உதவி பெரிதுதான், மறுக்கவில்லை.

ஆயின் அவர் பயிற்சி அன்றுதானா தொடங்கிற்று? 1891இல் அவர் பிறந்ததே பிள்ளையார் உருவங்கள் செய்யும் குடும்பத்தில். ஈரக் களிமண் எவ்வளவு தாங்கும், விரல் எங்கே அழுந்தினால் கன்னம் திரளும் என்பனவற்றைத் தந்தையின் அருகமர்ந்து அறிந்த கை அது. பள்ளி தந்ததை மட்டும் 'கல்வி' என்றும், வீடு தந்ததைக் 'குலத்தொழில்' என்றும் பிரித்தெழுதும் ஆய்வாளரே, சாஸவணேயில் அவர் இல்லத்தில் நிற்கும் அந்த எருமைச் சிற்பத்தை எப்பட்டியலில் சேர்ப்பீர்?