பெற்றோல் இறங்கும் பாதை

பழைய காரைப் புதுப்பிக்கும் நம் ஆட்களிடம் ஓர் ஆசையைக் காண்கிறேன். காரின் உடம்பில் துருத்திக்கொண்டு எதுவும் நிற்கக்கூடாது. பம்பர் போக வேண்டும், கதவுக் கைப்பிடி போக வேண்டும், கடைசியில் பெற்றோல் மூடியும் கண்ணில் படாமல் மறைய வேண்டும். மற்றதெல்லாம் அவரவர் ரசனை, அதில் நான் தலையிடுவதில்லை. பெற்றோல் மூடி என்று வரும்போது பேசாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நண்பர் ஒருவரின் மொறிஸ் மைனர் சில மாதங்களாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் நிற்கிறது. தகப்பனார் ஓடிய கார். எஞ்சின் ஏற்கெனவே ஜப்பான் எஞ்சின் ஆகிவிட்டது. இந்தமுறை கைவைத்தது டாங்கில். பிந்திய மைனர்களின் டாங்க் ஆறரை கலன், ஏறக்குறைய 30 லீற்றர்தான். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாகக் கிடந்தவர்களுக்கு டாங்க் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அந்த யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிடைத்தது கிழமைக்கு 20 லீற்றர். கிடைக்கும்போது நிரப்பி வைக்க வேண்டும் என்ற பயம் நண்பருக்கும் உண்டு. பழைய டாங்க் அடியில் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியதும், பஞ்சிகாவத்தையில் ஏதோ ஒரு ஜப்பான் காரின் பெரிய டாங்கை வாங்கிவிட்டார்.

டிக்கிக்கு அடியில் டாங்க் பொருந்திவிட்டது. அதன் கழுத்து பார்க்கும் திசை பொருந்தவில்லை. மைனரில் பெற்றோல் வாய் பின்புறத்தில், டிக்கி மூடிக்கு வலப்பக்கம், தாழ்வாக இருக்கும். "அப்ப அதை அடைச்சுப்போட்டு, மூடியை டிக்கிக்குள்ள வையுங்கோ பாஸ். வெளியில ஒண்டும் தெரியக்கூடாது" என்றார் நண்பர். கராஜ் பாஸ் சிறிது நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். "வைக்கலாம் சேர். ஆனா பெற்றோலுக்கு இறக்கம் வேணும், காத்துக்கு வழி வேணும். ரெண்டும் இல்லாட்டி செட்காரன் உங்களைத் திட்டுவான்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. டாங்குக்குள் ஒரு லீற்றர் பெற்றோல் இறங்கினால் ஒரு லீற்றர் காற்றும் ஆவியும் வெளியே வந்தாக வேண்டும். குறுகிய வாய்ப் போத்தலை வாளிக்குள் அமிழ்த்தினால் தண்ணீர் முட்டிமோதிக்கொண்டு ஏறுகிறதே, வழியில்லாத டாங்கிலும் அதுதான் நடக்கும். செட்டிலுள்ள பம்ப் நிமிடத்துக்கு 30, 40 லீற்றர் தள்ளக்கூடியது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, டாங்கின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கழுத்தின் மேற்பகுதிக்குத் திரும்பி வர வேண்டும். குழாய்த் துப்பாக்கியின் நுனியில் ஒரு சிறு துளை இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பெற்றோல் மேலேறி அந்தத் துளையை மூடியதும் உள்ளே உறிஞ்சல் கூடி, விசை 'டக்' என்று விழுந்துவிடும். கழுத்து படுத்துக் கிடந்தால் டாங்க் காலியாக இருக்கும்போதே பெற்றோல் அங்கு தேங்கி விசையை விழுத்தும். செட்காரப் பொடியன் மறுபடி அழுத்துவான், மறுபடி விழும். பிறகு துப்பாக்கியைப் பாதி வெளியே இழுத்துப் பிடித்து ஊற்றுவான். மட்காட்டில் வழிந்து பெயின்டைத் தின்பது அந்தப் பெற்றோல்தான்.

பாஸ் வாதாடவில்லை, செய்து காட்டினார். டாங்கைக் கழற்றி, காரில் இருக்கும் அதே உயரத்தில் இரண்டு மரக்குற்றிகள்மேல் வைத்தார். நண்பர் கேட்ட இடத்துக்கு வரும்படி இரும்புக் கம்பியை வளைத்து, அந்த வளைவுக்கு ஏற்ப ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாயைக் கட்டினார். மேலே புனல் வைத்து வாளித் தண்ணீரை ஒரேயடியாகச் சரித்தார். குழாய் தொய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் நின்றது, குமிழி அடித்தது, பிறகு திரும்பி வந்து அவருடைய சேர்ட்டை நனைத்தது. அடுத்ததாகக் கம்பியை நிமிர்த்தி, எந்த இடத்திலும் தொய்யாமல் சரிவாகக் கொண்டுவந்து, காற்றுக்குழாயையும் பூட்டி ஊற்றினார். ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. நண்பரின் முகம் அப்போதுதான் மாறியது.

அமெரிக்காவில் இந்த மறைப்பு வேலையைக் கம்பனிகளே அழகாகச் செய்தன. 1941 கடிலாக்கில் இடப்பக்கப் பின்விளக்கைத் தூக்கினால் கீழே பெற்றோல் வாய். 1956 செவர்லேயிலும் அது இடப்பக்க விளக்குக்குப் பின்னால் இருந்தது. மறைத்தார்கள், ஆனால் வெளியேதான் வைத்தார்கள். பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் இன்னும் நல்ல பாடம். அதன் டாங்க் முன்புறம், பொனட்டுக்குள். பெற்றோல் அடிக்கப் பொனட்டைத் திறக்க வேண்டும், சிந்தினால் உள்ளே வைத்த பயணப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சிந்தும். 1968ஆம் ஆண்டு மாடலில் கம்பனி அந்த வாயை வலப்பக்க முன் உடம்புக்குக் கொண்டுவந்து சிறு கதவு வைத்தது. உள்ளே இருந்ததைக் கம்பனியே காசு செலவழித்து வெளியே கொண்டுவந்தது. நாம் வெளியே இருப்பதை உள்ளே தள்ளப் பார்க்கிறோம்.

உள்ளே தள்ளினால் என்ன ஆகும்? பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. சிந்தியதின் ஆவி டிக்கியின் பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். மைனரில் டிக்கிக்கும் பின்சீற்றுக்கும் இடையே பெரிய தடுப்பு ஒன்றும் இல்லை. பின்விளக்கு வயர் அங்கேதான் ஓடுகிறது. புதுப்பிக்கிறவர்கள் பாட்டுப் பெட்டியின் அம்பிளிபயரையும் அங்கேதான் வைக்கிறார்கள். காற்றில் ஒன்றரை வீதம் அளவுக்கு ஆவி கலந்தாலே ஒரு சிறு பொறி போதும்.

இன்னொன்று, மோதல். அமெரிக்காவில் போர்ட் பின்ரோ காரில், பின்னாலிருந்து இடிபட்டால் பெற்றோல் கழுத்து டாங்கிலிருந்து கழன்று வந்துவிடும் என்பது பெரிய வழக்காகி, 1978இல் ஏறத்தாழ 15 இலட்சம் கார்களைக் கம்பனி திருப்பி அழைத்தது. செய்த திருத்தம் இரண்டு: டாங்குக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கவசம், டாங்குக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் நீளமான கழுத்து. காலி வீதியில் மாலை நேரத்தில் பஸ்ஸுக்கும் திறீவீலருக்கும் நடுவில் மைனரை ஓட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் கணக்குப் பார்த்துப் பொருத்திய கழுத்தே கழன்றது என்றால், கராஜில் ஹோஸ் துண்டும் ஒற்றைக் கிளிப்பும் போட்டு ஒட்டியது எம்மாத்திரம்?

எரிபொருள் போகும் வழியை மாற்றுவது நம்மவருக்குப் புதிதல்ல. 90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் படாமல் போனபோது, ஒஸ்ரினும் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊட்டி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளவத்தையில் இன்று குடியிருக்கும் பலர் அந்தப் புகைக்குள் பயணம் செய்தவர்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லாத காலத்தில் அந்த மெக்கானிக்மார் செய்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். உயிர் காக்க எடுத்த அபாயம் அது. கார்க் கண்காட்சியில் படம் எடுக்க அதே அபாயத்தை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியில் வாய் வலப்பக்கப் பின்மட்காட்டின் மேற்பகுதிக்குப் போனது. பழைய இடத்தைவிட உயரம், ஆகவே சரிவு தாராளமாகக் கிடைத்தது. மைனரின் பின்மட்காட் போல்ற்றில் பூட்டுவது. நண்பர் பழைய மட்காட்டைப் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு, வேறொன்றை வாங்கி அதில்தான் துளை போட்டார். காரின் நிறத்திலேயே சிறு கதவு, கிட்டப்போய்ப் பார்த்தால்தான் கோடு தெரியும். அவர் கேட்ட அழகும் கெடவில்லை.

டாங்கின் வாயில் புது வளையத்தை ஒட்டுவதற்கு முன் பாஸ் டாங்கைக் கழுவி, ஒட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பியதைப் பார்த்தேன். காலி டாங்க்தான் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஹோஸ் பெற்றோலுக்கென்றே செய்தது. ரேடியேற்றர் ஹோஸ் பெற்றோலில் ஊறி வீங்கிவிடும். இரு முனையிலும் இரட்டைக் கிளிப். இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கழுத்தின் இரும்பையும் டாங்கையும் இணைத்து ஒரு வயர். நிலைமின் பொறிக்கு அதுதான் காப்பு. சக்கரம் எறியும் கல் படாமல் ஒரு தகடும் அடித்தார். இவ்வளவுக்கும் அவர் கேட்ட கூலி, நண்பர் பெயின்டுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் புகையைத்தான் அளப்பார்கள், டிக்கிக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் இதைச் சொல்கிறேன்: உங்கள் காரிலோ உங்கள் பிள்ளையின் காரிலோ பெற்றோல் வாய் டிக்கிக்குள் இருந்தால், அடுத்தமுறை நிரப்புவதற்கு முன் நல்ல பாஸ் ஒருவரிடம் காட்டி அதை வெளியே எடுத்துவிடுங்கள்.