மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும்

மும்பையின் பழைய சால் கட்டிடங்கள் பலவற்றில் மாடிப்படிக் கைப்பிடி யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிட்டது. எல்லோரும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். ஒரு கட்டை கழன்று விழுந்தால் எடுத்துப் பொருத்த ஆளில்லை. அந்த இடைவெளியில் நைலான் கயிற்றைக் கட்டிவிட்டு அவரவர் வேலைக்கு விரைகிறார்கள். குழந்தை நுழையும் சந்துக்கும், நிலைதடுமாறிச் சாயும் முதியவருக்கும் கயிறு காவலாகாது.

தாராவியிலோ பல வீடுகளின் மேல் அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணிதான் வழி. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கும். குடியிருப்புகளில் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, கைப்பிடி ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கூறுகிறது. ஏட்டுக்கும் ஏணிக்கும் எவ்வளவு தூரம்!

"இடிக்கப்போகிற கட்டிடத்துக்குச் செலவு எதற்கு?" என்பது வழக்கமான சமாதானம். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது 2004-ல். அன்று தவழ்ந்த குழந்தை இன்று வேலைக்குப் போகும் வயதை எட்டிவிட்டது. புது வீடு வரும்வரை பழைய படியில்தான் ஏறி இறங்கியாக வேண்டும்.

வாடகைதாரர்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. கட்டிடத்தைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்கிறது 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு. 15 நாட்களுக்குக் குறையாத நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்தில் அவர் செய்யத் தவறினால், குடியிருப்போரே கூட்டாகப் பழுதுபார்த்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஆண்டு வாடகையில் கால் பங்குக்கு மேல் ஓர் ஆண்டில் கழிக்க முடியாது. பகடி வீடுகளின் வாடகை சொற்பமாதலால் முழுச் செலவும் உடனே தேறாது என்பது உண்மையே. ஆனால் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். எழுத்தில் நோட்டீஸ் இருந்தால், நாளை விபத்து நேரும்போது "எனக்குத் தெரியாது" என்று எவரும் கைகழுவ முடியாது. ஏணி வீட்டாரும் பக்கத்து வெல்டிங் கடையில் ஓர் இரும்புக் குழாயை வாங்கிச் சுவரில் உறுதியாகப் பொருத்திக்கொள்ளலாம்.

மழைக்காலத்துக்கு முன் அபாயக் கட்டிடங்களின் பட்டியலை வெளியிடும் வீட்டுவசதி வாரியம், தனது ஆய்வில் படிகளையும் கைப்பிடிகளையும் தனியே கவனிக்கவேண்டும். தினக்கூலிக்கு உழைப்பவர் கால் முறிந்து படுத்தால், அன்றே வருமானம் நிற்கிறது. இங்குள்ள அடுப்போடு ஊரில் உள்ள அடுப்பும் அணைகிறது.