யாருடைய இடுப்பு?

குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுவது நம் பண்பாட்டுக்கு ஒத்த காரியமல்ல என்று ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசினார். பேச்சின் தலைப்பு தாய்மை. மேல்நாட்டுத் தாய்க்கு ஆண்டவன் சக்கரத்தைக் கொடுத்தான், நம் தாய்க்கு இடுப்பைக் கொடுத்தான் என்று அவர் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் பக்கம் எத்தனை கைகள் எழுந்தன என்று திரும்பிப் பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் இருந்த பெண்ணின் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கை ஒழியவில்லை.

அந்தப் பெரியவரோடு எனக்கு எந்த விரோதமும் கிடையாது. நல்ல தமிழ் தெரிந்தவர். ஆனால் அவர் சொன்னது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் மட்டும் அல்ல. நம்மில் பலர் மனத்துக்குள் வைத்திருக்கிற அபிப்பிராயம். ஆகவே அதைச் சும்மா விட்டுவிட எனக்கு மனமில்லை. இடுப்பைப் புகழ்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் சொல்வது யாருடைய இடுப்பு?

என் தங்கைக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு இரண்டு வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இளையவள் பிறந்து ஆறு வாரம். அவனை நிறுத்துப் பார்த்தால் 12 கிலோ. அவள் 4 கிலோ. ஆக 16 கிலோ. நம் வீடுகளுக்கு வருகிற 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்கு மேல். இந்த மூட்டைக்கோ கையும் காலும் உண்டு. அழும், நழுவும், நடுத் தெருவில் நாயைக் கண்டால் இறங்கி ஓடப் பார்க்கும். இதை இடுப்பில் வைத்துக்கொண்டு நட என்று சொல்லப்படுகிறவளுக்கு வயிற்றில் தையல் போட்டு ஆறு வாரம்தான் ஆகிறது. குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக்கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். மூத்தவனைத் தூக்கினால் மூன்று மடங்கு கனம்.

இவள் ஏதோ அபூர்வமான கேஸ் என்று யாரும் எண்ண வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100-க்கு ஏறக்குறைய 45 ஆபரேஷன் மூலம் நடந்தவை. இத்தனை ஆபரேஷன்கள் அவசியந்தானா என்பது வேறு சண்டை. அதற்கு இன்னொரு நாள் வருகிறேன். இன்றைக்கு இடுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசட்டும்.

"அந்தக் காலத்தில் எட்டும் பத்தும் பெற்றார்களே, அவர்கள் என்ன வண்டியா வைத்திருந்தார்கள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். வண்டி வைத்திருக்கவில்லைதான். மூத்த பெண்ணை வைத்திருந்தார்கள். தாய் அடுப்படியிலும் வயலிலும் நிற்க, கைக்குழந்தையைச் சுமந்த இடுப்பு எட்டு வயது அக்காளின் இடுப்பு. தான் பாதி, குழந்தை பாதி என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும் அந்தச் சிறுமிகளைப் பார்க்காத கிராமம் தமிழ்நாட்டில் இருந்திருக்குமா? தம்பியைத் தூக்குவதற்காக மூன்றாம் வகுப்போடு நின்றுபோன பெண்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் என் பெரியம்மாக்கள், அத்தைகள். அந்த அக்காள்கள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் அவர்கள் இறக்கி வைத்த பாரம் காற்றிலா கரைந்துவிட்டது? பாட்டி ஊரில் இருக்கிறாள், அத்தை வேலைக்குப் போகிறாள், புருஷன் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறான். மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடுப்பு.

வண்டியே உத்தமமான பொருள் என்று சாதிப்பது என் நோக்கமல்ல. அதன் பூர்வோத்தரம் அவ்வளவு கௌரவமானது அல்ல. 1733-ஆம் வருஷம் வாக்கில் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகள் விளையாடுவதற்காக வில்லியம் கென்ட் என்கிற கலைஞர் கிளிஞ்சல் வடிவத்தில் ஒரு வண்டி செய்து கொடுத்தார் என்பார்கள். அதை இழுத்தது ஆடு அல்லது மட்டக்குதிரை. ஆட்டின் இடத்துக்குப் பிற்பாடு வேலைக்காரிகள் வந்தார்கள். நம் நாட்டிலும் துரைமார் வீட்டுப் பிள்ளைகளை பிராமில் வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கிற ஆயாக்களைப் பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். அந்த ஆயாவின் சொந்தக் குழந்தை அந்நேரம் யார் இடுப்பில் இருந்தது என்பதைப் படம் பிடித்தவன் கேட்கவில்லை. "பிராம்" என்றதும் நம்மவர்களுக்கு ஒரு கசப்பு தட்டுவதற்கு இது காரணமானால் அந்தக் கசப்பு எனக்கும் புரிகிறது.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. ஓவன் மக்லாரன் என்று ஓர் எஞ்சினீயர். இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த ஸ்பிட்பயர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு, தம் பேரக் குழந்தையோடு பிரயாணம் வந்த மகள் கனத்த வண்டியோடு மல்லாடுவதைப் பார்த்தார். 1965-ல் அலுமினியக் குழாய்களும் துணியும் கொண்டு, குடை மாதிரி மடங்குகிற ஒரு வண்டிக்குத் திட்டம் போட்டார். அதன் எடை 6 பவுண்டு. நம் கணக்கில் 3 கிலோவுக்கும் குறைவு. குழந்தை வண்டிக்கு முதல் சத்துரு கனம்தான் என்று கண்டுபிடித்தவர் அவர். ஆயா தள்ளுவதற்காக இருந்த பண்டம் அன்றைக்குத்தான், ஆயா இல்லாத தாய் பஸ் ஏறும்போது கையில் தூக்கிக்கொள்ளும் பண்டமாக மாறியது. அந்த மனிதருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

இந்தப் பாடத்தை நம் கடைக்காரர்கள் படிக்கவில்லை. தங்கை என்னையும் கூட்டிக்கொண்டு தியாகராய நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனாள். பெயர் வேண்டாம். "மூத்தது ஒன்று, இளையது ஒன்று" என்று அவள் வாயெடுத்ததும் கடைப் பையன் இரட்டை வண்டியை இழுத்து வந்துவிட்டான். இரண்டு ஆசனம் பக்கத்துப் பக்கத்தில். கல்யாண சோபா மாதிரி இருந்தது. விலை 20,000 ரூபாய்க்கு மேல். எடை 15 கிலோ, அதாவது ஏறக்குறைய இரண்டு குழந்தைகளும் சேர்ந்த கனம். நான் நாடாவை வாங்கி அளந்தேன். அகலம் 76 சென்டிமீட்டர். தங்கை வீட்டு லிப்ட் திறந்தால் 70.

"மடிச்சு எடுத்துட்டுப் போகலாம் சார்" என்றான் பையன்.

"மடிக்கிற நேரத்தில் குழந்தைகள்?"

"அம்மா இடுப்புல வெச்சுக்குவாங்க சார்."

சுற்றிச் சுற்றி அந்தப் பெரியவரின் இடுப்புக்கே வந்து சேர்ந்தோம்.

ஒன்றின்பின் ஒன்றாக ஆசனம் வைத்த இன்னொரு ரகமும் உண்டு. அகலம் குறைவு, லிப்டில் நுழையும். ஆனால் அது நீளம். முன் சக்கரத்தை ஒரு படி மேலே ஏற்ற வேண்டுமானால் கைப்பிடியை அழுத்தி முன்பாரம் முழுவதையும் நெம்ப வேண்டும். வயிற்றில் தையல் போட்டவளுக்கு இதைவிட மோசமான வேலை வேறு இருக்கிறதா? "ரெண்டு பேருக்கும் ஆசனம் வேண்டாமா அண்ணா?" என்று தங்கை தயங்கினாள். வேண்டாம் என்பது என் கட்சி. பெரியவன் வண்டியில், சின்னவள் மார்பில். அதற்கு ஒற்றை வண்டியும் நாலரை முழத் துணியும் போதும்.

உறவுக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: சின்னது வண்டியில் படுக்கட்டும், பெரியது நடக்கட்டும் என்று. இரண்டு வயதுப் பையன் நூறு அடி நடப்பான். அப்புறம் உட்காருவான், இல்லாவிட்டால் ரோட்டில் ஓடுவான். இவனைத்தான் கட்டி உட்கார வைக்க வேண்டும். சின்னவளோ இன்னும் கழுத்து நிற்காதவள். உட்காரும் ஆசனத்தில் அவளைச் சாய்த்தால் முகவாய் மார்பில் புதைந்து மூச்சுக்குக் கேடு. மல்லாக்கப் படுக்க வசதியில்லாத வண்டி அவளுக்கு ஆகவே ஆகாது. தாயின் மார்போடு துணியில் கட்டினால், முகம் வெளியே தெரியும்படியும் முகவாய்க்கும் மார்புக்கும் இடைவெளி இருக்கும்படியும் பார்த்துக்கொண்டால், அவளுக்கு அதைவிட நல்ல இடம் எந்தக் கடையிலும் இல்லை. சித்தாள் பெண்களும் நரிக்குறவப் பெண்களும் தினசரி செய்கிற காரியம் இது. பண்பாட்டைக் காப்பாற்றியே தீர வேண்டுமென்றால் இதைக் காப்பாற்றுங்களேன்.

ஆக, வாங்கியது 6 கிலோ எடையில் ஒற்றை வண்டி. முதுகு முழுக்கச் சாய்கிறது, ஆகவே பின்னால் சின்னவளுக்கும் உதவும். என் பையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மற்றொரு கையாலும் காலாலும் மடித்துக் காட்டு என்று தங்கையிடம் சொன்னேன். கடையில் மூன்று வண்டிகள் இந்தப் பரீட்சையில் தோற்றன. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடையில் ஒன்று என்று ஐந்து வார் இருக்கிறதா என்று பார்த்தோம். செருப்புக் காலால் பிரேக் போட முடிகிறதா என்று பார்த்தோம். முன் சக்கரம் உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும். சின்னச் சக்கரம் மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கில் விழுந்தால் வண்டி குப்புறக் கவிழும். கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டக்கூடாது. பையனைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். வெயிலுக்காக வண்டியின் முன்னால் துணியைத் தொங்கவிடுகிறார்கள் பலர். உள்ளே காற்று நின்று வெந்துபோகும். சென்னைச் சித்திரையில் அது செய்யத்தகாத வேலை.

வண்டி வாங்கியாயிற்று. இனி அதை எங்கே தள்ளுவது?

மேற்கு மாம்பலத்தில் தங்கை வீட்டிலிருந்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 800 மீட்டர். புதன்கிழமை தடுப்பூசி. சின்னவளுக்கு 6, 10, 14 வாரங்களில் ஊசி; பெரியவனுக்கும் இரண்டு வயதுக்குள் போட வேண்டிய பூஸ்டர் நிற்கிறது. 800 மீட்டருக்கு ஆட்டோ வராது. வந்தாலும் கேட்கிற கூலியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனவே நடைதான். நானும் கூடப் போனேன். நடைபாதை என்று ஒன்று இருந்தது. அதன் விளிம்பு சில இடத்தில் முழங்கால் உயரம். ஏறியவுடன் ஒரு டிரான்ஸ்பார்மர். அதைத் தாண்டினால் ஆறு மோட்டார் சைக்கிள்கள், வரிசையாக, கோயில் குதிரைகளைப் போல. பிறகு டீக்கடை பெஞ்சு. பிறகு மின்சாரப் பெட்டி. மோட்டார் சைக்கிள் ஏறக்கூடாது என்று நட்ட கம்பங்களுக்கிடையில் மோட்டார் சைக்கிள் லாகவமாக நுழைந்து போயிற்று; குழந்தை வண்டி நுழையவில்லை. ஆகவே ரோட்டில் இறங்கினோம். பஸ்ஸின் புகைக் குழாயும் வண்டியில் இருக்கிற பையனின் மூக்கும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

சட்டம் இல்லையா என்றால், சட்டத்துக்கு நம்மிடம் எப்போது குறைச்சல்? குடியிருப்புப் பகுதியில் 1.8 மீட்டராவது தடையில்லாத அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிஞ்சக்கூடாது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் அச்சடித்திருக்கிறது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை வகுத்தது. நடைபாதை உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டுக் காட்டவும் செய்தார்கள். நன்றாகவே இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தங்கை ஊசி போடப் போகவில்லை.

குழந்தை வண்டி பணக்காரர் விஷயம், அதற்காக ரோட்டை மாற்றுவதா என்று ஒரு சமதர்மவாதி நண்பர் கேட்டார். பணக்காரர் வீட்டு வண்டி கார் டிக்கியில் ஏறி மாலில் போய் இறங்குகிறது. மாலின் தளம் கண்ணாடி மாதிரி. அந்த வண்டிக்கு நடைபாதை எதற்கு? நடைபாதையில் சரிவு கேட்பவர்கள் காரில்லாத தாய், சக்கர நாற்காலிக்காரர், கைத்தடி ஊன்றி பென்ஷன் வாங்கப் போகிற கிழவர். இவர்களில் யார் பணக்காரர் என்று நண்பர் எழுதித் தெரிவிக்கட்டும்.

தாய்மையைப் புகழ்ந்த பெரியவருக்கும், அந்த வட்டாரத்து மாநகராட்சிப் பொறியாளருக்கும் ஓர் ஏற்பாடு செய்து தருகிறேன். வண்டியை இரவல் கொடுக்கத் தங்கை சம்மதித்திருக்கிறாள். பன்னிரண்டு கிலோ அரிசியை அதில் கட்டி வைத்து, நான்கு கிலோவை மார்பில் கட்டிக்கொண்டு, அந்த 800 மீட்டரை ஒரு தடவை போய்விட்டு வரலாம். எந்த நாள் வேண்டுமானாலும் சௌகரியந்தான், புதன்கிழமை தவிர. அன்றைக்கு வண்டி அவளுக்கு வேண்டும்.