பொதுப்பணமும் தக்காளி இயந்திரமும்

வேளாண்மை ஆராய்ச்சி என்றதும் கூடுதல் விளைச்சலே நம் நினைவுக்கு வருகிறது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர் யார், பயன் பெற்றவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இக்கேள்விகள் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றன.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோபி லோரன்சன் என்னும் பொறியியலார் தக்காளி அறுவடை இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அது செடியை அடியில் வெட்டி, மேலே தூக்கி, குலுக்கிப் பழங்களை உதிர்க்கும். மென்மையான பழம் இக்குலுக்கலைத் தாங்காது. ஆகவே ஜாக் ஹன்னா என்னும் பயிர் விஞ்ஞானி, ஒரே சமயத்தில் பழுக்கும் கெட்டியான தக்காளி இரகத்தை உருவாக்கினார். இச்செலவில் பொதுமக்களின் வரிப்பணமும் அடங்கும்.

1960களில் இயந்திரம் வேகமாகப் பரவியது. விளைச்சல் பெருகியது, ஆலைகளுக்குத் தக்காளி தடையின்றிக் கிடைத்தது. ஆனால் ஓர் இயந்திரத்தின் விலை 50,000 டாலருக்கும் அதிகம். பெரிய பண்ணைகளே அதை வாங்க முடிந்தது. ஏறத்தாழ 4,000 ஆக இருந்த தக்காளி விவசாயிகளின் எண்ணிக்கை 1973இல் சுமார் 600 ஆகக் குறைந்தது. 1970களின் இறுதிக்குள் சுமார் 32,000 பேர் வேலை இழந்ததாக மதிப்பிடப்பட்டது.

1979இல் பண்ணைத் தொழிலாளர்கள் சார்பில் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1987இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் ஓரளவு தீர்ப்பளித்தது. 1989இல் மேல்முறையீட்டில் பல்கலைக்கழகமே வென்றது.

சட்டப்படி வழக்கு முடிந்தது. நியாயத்தின் கேள்வி முடியவில்லை என்பதே என் கருத்து.

"ஆராய்ச்சியின் விளைவுகளை விஞ்ஞானி முன்கூட்டியே அறிய முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். எல்லாவற்றையும் அறிய முடியாதுதான். ஆனால் கையால் பறிப்போரின் வேலையைச் செய்யவே இந்த இயந்திரம் என்பது முதல் நாளே தெரியும் அல்லவா?

இயற்பியல் கணக்கில் ஒரு பொருளின் மீது செயல்படும் விசைகளில் ஒன்றை விட்டுவிட்டால், கூட்டலும் பெருக்கலும் சரியாக இருந்தாலும் விடை தவறாகவே வரும். விளைச்சலை மட்டும் கணக்கிட்டு, வேலை இழப்போரை விட்டுவிடும் ஆராய்ச்சியும் அத்தகையதே.

இயந்திரமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. குனிந்து பறிக்கும் வேலை கடினமானது. ஆனால் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மூன்று கடமைகளை ஏற்க வேண்டும். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூற வேண்டும். சிறு விவசாயிக்கு ஏற்ற கருவிகளுக்கும் நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும். வேலை இழப்போரின் மறுவாழ்வையும் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களில் சிலர் இத்தகைய ஆராய்ச்சிக் கூடங்களில் பணியாற்றுவீர்கள். தக்காளி பறித்த தொழிலாளியும் கடையில் பொருள் வாங்கும்போது வரி செலுத்தியவரே. உங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் தருவோரில் அவரைப் போன்றவரும் ஒருவர் என்பதை மறவாதீர்கள்.